செக்கி ஆழத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

ஏரிகளின் நலத்தைத் தாமாக முன்வந்து கண்காணிக்கும் பொதுமக்களுக்கான களப் படிவம் தமிழில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. ‘குடிமக்கள் அறிவியல்’ புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மொத்தப் பாஸ்பரஸ், குளோரோபில்-ஏ (பாசியின் அளவைக் காட்டும் பச்சையம்) ஆகியவற்றுக்குப் பாடநூல் வழக்கே போதும். இடிப்பது மூன்றாவது கட்டம் ஒன்றுதான்: செக்கி ஆழம், அதாவது ஏரி நீருக்குள் எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்ற அளவு.

சொல்லைத் தேடுமுன் செயலைச் சொல்லிவிடுகிறேன். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு. மேற்பரப்பை நான்காகப் பகுத்து, பளபளப்பில்லாத கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசியிருக்கும். நடுவில் கயிறு, அடியில் எடை. ஏரியின் ஆழமான இடத்தில் படகை நிறுத்தி, படகின் நிழல் விழும் பக்கமாகத் தகட்டை இறக்க வேண்டும். அது கண்ணிலிருந்து மறைகிற இடத்தில் கயிற்றில் ஓர் அளவு. இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மெல்ல மேலே இழுத்தால் மறுபடி தென்படும்; அங்கே இன்னோர் அளவு. இரண்டின் சராசரிதான் செக்கி ஆழம். 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தகடுகளை இறக்கிப் பார்த்ததால் வந்த பெயர். கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள் பின்னால் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் விப்பிள் சேர்த்தவை. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘செச்சி’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். இத்தாலிய ஒலிப்பு செக்கி.

இதுவரை கைக்கு வந்த சொற்கள்: ஒளிபுகு ஆழம், தெளிவாழம், மறைவாழம். எதை அச்சுக்குத் தரலாம்?

* * *

> ஒளிபுகு ஆழம்

இதை இப்போதே நீக்கிவிடலாம் ஐயா. இது நடையைப் பற்றிய குறையல்ல, பொருட்பிழை. தகடு மறைகிற இடத்தில் ஒளி நின்றுவிடுவதில்லை. பூல், அட்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1929இல் கொடுத்த தொடர்பின்படி, நீரில் ஒளி தேயும் கெழு (ஆழம் கூடக்கூட ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்) ஏறத்தாழ 1.7ஐச் செக்கி ஆழத்தால் வகுத்தால் வருவது. அப்படியானால் தகடு மறையும் இடத்தில்கூட மேற்பரப்பு ஒளியில் சுமார் 18 விழுக்காடு மிச்சம் இருக்கிறது. அது 1 விழுக்காடாக, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பொதுவாகக் கொள்ளும் எல்லைக்கு, குறைவது செக்கி ஆழத்தின் ஏறத்தாழ 2.7 மடங்கில். செக்கி ஆழம் 1.5 மீட்டர் உள்ள ஏரியில் 4 மீட்டர் வரை ஒளிச்சேர்க்கைக்கு வழி உண்டு. படிவத்தில் ‘ஒளிபுகு ஆழம் 1.5 மீ.’ என்று எழுதிய ஒருவர், 3 மீட்டரில் வளர்ந்து நிற்கும் நீர்ச்செடியைப் பார்த்தால் தம் அளவையே சந்தேகிப்பார். அந்த 4 மீட்டருக்குத்தான் நாளைக்கு ‘ஒளிபுகு ஆழம்’ தேவைப்படும். அதற்கென்று எடுத்து வைப்போம்.

‘தெளிவாழம்’ காதுக்கு இனிமை. அதனாலேயே அஞ்ச வேண்டியிருக்கிறது. மட்கிய இலைதழைகளின் சாறு கரைந்து தேநீர் நிறம் கொண்ட ஏரிகள் உண்டு. அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தால் ஒரு தூசி தும்பு இராது, பாசியும் குறைவு. ஆனால் தகடு ஒரு மீட்டரிலேயே மறைந்துவிடும். அங்கே ‘தெளிவு குறைவு’ என்று எழுதினால், படிப்பவர் பாசி மண்டிய ஏரி என்றுதான் நினைப்பார். மறுபக்கமும் உண்டு. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகள் பெருகினால் தகடு முன்பைவிட ஆழத்தில் தெரியும். ஆனால் பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸின் வரத்து குறையாமல் அப்படியே இருக்கலாம்.

அளவீட்டின் பெயர் எதை அளந்தோமோ அதைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து எடுக்கும் முடிவைப் பெயருக்குள் நுழைத்தால் படிப்பவர் வழி தவறுவார். நீரில் ஊட்டம் மிகுந்து பாசி பெருகிக் கேடு வருவதைக் குறிக்கும் இலங்கைப் பாடநூல்களின் ‘நற்போசணையாக்கம்’, ‘யூட்ரோஃபிகேஷன்’ என்ற மூலச்சொல்லுக்கு உண்மையாகத்தான் இருக்கிறது. இருந்தும் அந்த ‘நல்’லைப் பார்க்கும் புதியவர், ஏரிக்கு ஏதோ நன்மை நடப்பதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதே பள்ளத்தில் நாமும் விழ வேண்டாம்.

என் வாக்கு மறைவாழத்துக்கு. நடந்ததை நடந்தபடி சொல்கிறது.

* * *

> நடந்ததை நடந்தபடி சொல்கிறது

பாதியைத்தான் சொல்கிறது, அம்மா. மறைவாழம் என்று அச்சடித்தால், தகடு மறைந்த இடத்தில் அளவை எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று கயிற்றைச் சுற்றிவிடுவார்கள். இறங்குகிற தகட்டைக் கண் விடாமல் பின்தொடர்வதால், மறையும்போது எடுக்கும் அளவு பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே வரும். மேலே வரும்போது எங்கே தெரியப்போகிறது என்று தேட வேண்டியிருப்பதால் குறைவாக வரும். இரண்டையும் எடுத்துச் சராசரி காண்பதே அதற்காகத்தான். ஒற்றை அளவின் பெயரைச் சராசரிக்கு வைத்தால் அந்த ஏற்பாடு முழுக்க வீணாகிவிடும்.

ஆகவே மூன்று கட்டங்கள் வேண்டும் என்பது என் கருத்து. முதலிரண்டும் ‘மறையளவு’, ‘தோன்றளவு’. இவற்றில் விவாதிக்க அதிகமில்லை. மூன்றாவதான சராசரிக்குக் ‘கண்ணெட்டாழம்’. கண்ணுக்கு எட்டிய தூரம் என்பது எல்லாருக்கும் பழகிய வழக்கு. அதையே நீருக்குள் இறக்குகிறோம்.

இந்தச் சொல்லை முன்வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த அளவீட்டில் கருவி தகடு மட்டுமல்ல, கண்ணும்தான். அது பெயரிலேயே இருந்தால் மற்ற விதிகளுக்குக் காரணம் தனியாக விளக்க வேண்டியிராது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். சூரியன் உயரத்தில் இருக்கும் காலை 10 முதல் பிற்பகல் 3 மணிக்குள் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்பின் மினுக்கத்தைத் தவிர்க்க நிழற்பக்கத்தில் குனிய வேண்டும். நீருக்குள் அமிழ்த்திப் பார்க்கும் பார்வைக்குழாய் பயன்படுத்தினால் அதைக் குறித்தே ஆக வேண்டும், ஏனென்றால் மினுக்கம் அறவே நீங்கித் தகடு இன்னும் ஆழம் வரை தெரியும். குழாயோடு எடுத்த அளவையும் வெறுங்கண் அளவையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் ஏரி திடீரென்று தெளிந்துவிட்டதாகத் தோன்றும்.

படிவத்தின் பின்பக்கத்தில் கயிற்றுக்குத் தனிப் பத்தி வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. நைலான் கயிறு நனைந்தால் நீளும், எடை தொங்கினால் இன்னும் நீளும். நீளாத பாலியெஸ்டர் கயிறோ கண்ணாடியிழை நாடாவோ நல்லது. கயிற்றை நனைத்து, எடையைத் தொங்கவிட்ட பிறகே இரும்பு நாடாவை வைத்துக் குறியிட வேண்டும். பூச்சியம் தகட்டின் மேற்பரப்பிலிருந்து தொடங்க வேண்டும். எடையின் அடியிலிருந்து தொடங்கிவிட்டால் ஒவ்வோர் அளவும் அந்த எடையின் உயரத்துக்குக் கூடிப்போகும், தொடர்ந்து ஒரே அளவில் கூடுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

அடுத்தது காற்று. படகு நகர்ந்தால் கயிறு சாயும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால், கயிற்றில் 2 மீட்டர் காட்டும்போது தகடு இருப்பது 1.73 மீட்டரில். கணக்குப் போட்டுத் திருத்தலாம் என்று எழுத வேண்டாம், சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவதே இன்னொரு பிழை. எடையைக் கூட்டி மறுபடி இறக்கச் சொல்லுங்கள். நங்கூரத்தைத் தூக்கி எறியாமல் மெதுவாக இறக்குவதும், அது கிளப்பிய சேறு அடங்கும் வரை பொறுப்பதும் முக்கியம்.

* * *

> கண்ணெட்டாழம்

பொருள் அருமை. புணர்ச்சியில்தான் முள் இருக்கிறது. எட்டு + ஆழம் = எட்டாழம் என்பது இலக்கணப்படி சரி. ஆனால் தமிழ்க் காது ‘எட்டா’ என்று கேட்டவுடன் எட்டாக்கனிக்குப் போய்விடும். கண் எட்டாத ஆழம் என்று நேர் எதிராகப் பொருள் கொள்வார்கள். எட்டா + ஆழம் சேர்ந்தால் எட்டாவாழம் ஆகும் என்று நாம் வாதிடலாம். படகில் நனைந்த கையோடு படிவத்தைப் பிடித்திருப்பவரிடம் உடம்படுமெய் பேச முடியாது.

பிரித்துக் ‘கண்ணெட்டு ஆழம்’ என்று எழுதலாமா என்றால், வினைத்தொகையைப் பிரிப்பது முறையன்று. நடுவில் எட்டு என்ற எண்ணும் தலைகாட்டுகிறது. அளவுகளை நிரப்பும் படிவத்தில் அது வேண்டாத குழப்பம்.

‘கண்ணெட்டும் ஆழம்’ என்று பெயரெச்சமாகவே விட்டுவிடலாம். ஒரே சொல்லாக இல்லையே என்பார்கள். கலைச்சொல் ஒரு சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. வேற்றுமை ஏற்கிறதா என்று பாருங்கள்: கண்ணெட்டும் ஆழத்தின் இருமடங்கு, கண்ணெட்டும் ஆழத்தைக் குறிக்கவும். தடையின்றி வருகிறது.

மறைவாழத்தின் புணர்ச்சியில் குறை சொல்ல மாட்டேன், கதவு + அழகு கதவழகு ஆவது போலத்தான். ஆனால் ‘மறைவு’ என்றதும் இறப்புச் செய்தி நினைவுக்கு வருவது இன்றைய வழக்கு. வினையடியாக நிற்கும் ‘மறையளவு’ அந்த நிழல் படாமல் இருக்கிறது.

* * *

கண்ணெட்டும் ஆழத்துக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் ‘செக்கி ஆழம்’ கட்டாயம் இருக்க வேண்டும். 1994இல் தொடங்கிய செக்கி டிப்-இன் போன்ற பன்னாட்டுத் தொகுப்புகளுக்குத் தன்னார்வலர்கள் அளவுகளை அனுப்பும்போது, எந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்து எழுதுவது என்று தடுமாறக் கூடாது.

இரண்டு விடுபாடுகள். ஆழம் குறைந்த ஏரியில் தகடு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்துகொண்டே இருக்கும், அல்லது நீர்ச்செடிக்குள் புகுந்து மறையும். அப்போது கயிறு காட்டும் எண் கண்ணெட்டும் ஆழம் ஆகாது. ‘தரை தட்டியது’, ‘செடியில் மறைந்தது’ என்று இரண்டு தேர்வுக்கட்டங்கள் வையுங்கள். அங்கே எண் இருக்கலாம், ஆனால் ‘இதற்கும் மேல்’ என்ற குறியோடுதான். இந்தக் குறி விடுபட்டால், ஏரி வற்றிய ஆண்டெல்லாம் நீர் கெட்ட ஆண்டாக வரைபடத்தில் ஏறும்.

இன்னொன்று, கயிற்றில் எத்தனை செ.மீ.க்கு ஒரு குறி என்பது. 10 செ.மீ. போதும் என்று முதல் வரைவில் இருக்கிறது. ஏரியில் பாசி எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை எண்ணால் சொல்ல, ஆய்வாளர் கார்ல்சன் 1977இல் வகுத்த ஊட்டநிலைக் குறியீட்டில் வைத்துப் பாருங்கள்; எண் கூடினால் பாசி கூடுதல். 60இலிருந்து, செக்கி ஆழத்தின் இயல் மடக்கையை 14.41ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 4 மீட்டருக்குக் குறியீடு 40, 4.1 மீட்டருக்கு 39.7. பத்து செ.மீ. தவறினாலும் பாதகமில்லை. அரை மீட்டருக்கு 70, 0.6 மீட்டருக்கு 67.4. அதே பத்து செ.மீ. இங்கே ஏழு மடங்குக்கு மேல் உதைக்கிறது. பாசி மண்டிய ஏரியில்தான் நுட்பம் அதிகம் தேவை. முதல் இரண்டு மீட்டருக்கு 5 செ.மீ. இடைவெளியில் குறியிடுங்கள், அதற்குக் கீழே 10 போதும்.

குளோரோபில் மாதிரியும் இந்த எண்ணை நம்பியே எடுக்கப்படுவதுண்டு. மேற்பரப்பிலிருந்து கண்ணெட்டும் ஆழத்தின் இருமடங்கு வரை உள்ள நீரைச் சேர்த்து மொள்வது ஒரு முறை. கயிறு சாய்ந்து 1.73 மீட்டர் 2 மீட்டர் ஆனால், 3.46 மீட்டரில் நிற்க வேண்டிய மாதிரி 4 மீட்டருக்கு இறங்கிவிடும். வடிதாளில் தங்கும் பாசி வேறு அடுக்கினுடையதாக இருக்கலாம். ஆய்வகம் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அதைத் திருத்த முடியாது.

அச்சுக்கு என் வரைவு:

3அ. மறையளவு (மீ.)
3ஆ. தோன்றளவு (மீ.)
3இ. கண்ணெட்டும் ஆழம் (செக்கி ஆழம்) = 3அ, 3ஆ இரண்டின் சராசரி
தரை தட்டியது ☐ செடியில் மறைந்தது ☐ பார்வைக்குழாய் ☐

* * *

இதையே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. கருவியைச் ‘செக்கித் தகடு’ என்றே விடுகிறேன். ‘வட்டு’ என்றால் கணினிப் பக்கம் போய்விடுகிறது.

நான்காவது கட்டத்தில் ‘கலங்கல்’ என்று இருக்கிறது, நீரில் மிதக்கும் துகளால் வரும் மங்கலைக் குறிக்க. ஏரிக்காரர்களுக்குக் கலங்கல் என்றால் உபரிநீர் வழியும் இடம். ‘கலங்கல்: அதிகம்’ என்று ஒருவர் எழுதினால் ஏரி நிரம்பி வழிந்ததா, நீர் சேறாக இருந்ததா என்று தரவைத் தொகுப்பவருக்குத் தெரியாது. ‘நீர்க்கலக்கம்’ என்று மாற்றியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.