பொய்க் குற்றச்சாட்டு நாவல்: முடிவு ஏன் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது?

நூல்புழு:
400 பக்க நீதிமன்ற நாவல். செய்யாத கொலைக்காக ஒருவர் கூண்டில் நிற்கிறார். ஐம்பதாவது பக்கத்திலேயே அவர் நிரபராதி என்பதும், வருவோர் போவோரிடமெல்லாம் பரிவாகப் பேசும் தொழில் பங்குதாரர்தான் கொலையாளி என்பதும் தெரிந்துவிடுகிறது. மீதி 350 பக்கமும் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடைசியில் குறுக்கு விசாரணையில் பங்குதாரர் உடைந்து அழுது ஒப்புக்கொள்கிறார். இந்த வகை நாவலே இப்படித்தானா, எழுதியவர் கோட்டைவிட்டாரா?

கறுப்பு அங்கி:
கோளாறு அந்த ஒப்புதல் காட்சியில் இருக்கிறது. உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்குக் கிடையாது. நியாயமான சந்தேகம் எழுந்தாலே போதும். குறுக்கு விசாரணையில் தேர்ந்த வழக்கறிஞர் "ஏன்", "எப்படி" என்று கேட்பது அபூர்வம். ஒரு கேள்விக்கு ஒரு தகவல், பதில் ஆமாம் அல்லது இல்லை. இரவில் ஒருவர் முகத்தைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியிடம் இப்படி:

"தெருவிளக்கு அந்த ஆளுக்குப் பின்னால் இருந்தது?" ஆமாம். "வேறு விளக்கு எரியவில்லை?" இல்லை. "அவர் உங்களைப் பார்த்தபடி நின்றார்?" ஆமாம்.

இங்கே உட்கார்ந்துவிட வேண்டும். "அப்புறம் எப்படி முகம் தெரிந்தது?" என்று கேட்டால் போச்சு. "போகும்போது திரும்பினார், அப்போது பார்த்தேன்" என்று சாட்சி ஓட்டையை அடைத்துவிடுவார். வெளிச்சம் முதுகில் விழுந்தால் முகம் இருட்டு என்பதை இறுதி வாதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாலாவது கேள்வியைக் கேட்டுவிடுவாரோ என்ற பதற்றம் எந்த ஒப்புதல் காட்சியிலும் வராது.

நினைவடுக்கு:
இன்னொன்றும் உண்டு. பொய்ச் சாட்சிக்கு ஒரு நோக்கம் வேண்டும். நோக்கம் உள்ள ஆளை வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். நேர்மையாகத் தப்பாகச் சொல்லும் சாட்சியை அப்படிப் பிடிக்க முடியாது.

1974-இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் காட்டிச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் "நொறுங்க மோதியபோது" என்று. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடித் துண்டே கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை.

பலரை வரிசையாக நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பிலும் அப்படித்தான். காட்டி முடித்ததும் "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரைகுறை நினைவு உறுதியாகிவிடும்.

நூல்புழு:
அப்படியென்றால் ஒரு இடம் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி போலீஸிடம் "அவர் மாதிரி இருந்தது" என்கிறார். கோர்ட்டில் அது "நிச்சயமாக அவர்தான்" ஆகிவிடுகிறது. ஆசிரியர் ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

கறுப்பு அங்கி:
நாவலே அங்கேதான் இருந்தது. முதலில் "நிச்சயமாக" என்பதை அவர் வாயாலேயே மறுபடி சொல்லவைக்க வேண்டும். அடுத்து, போலீஸிடம் பேசியது சம்பவத்துக்கு மறுநாள், நினைவு அப்போது இன்னும் தெளிவாக இருந்தது என்பதற்கு ஆமாம் வாங்க வேண்டும். அதற்குப் பிறகே பழைய வாக்குமூலத்தை வாசிக்க வேண்டும். முதலிலேயே வாசித்தால் "அன்று பதற்றத்தில் இருந்தேன்" என்று நழுவிவிடுவார். நடுவில் யார் என்ன சொல்லி அந்த "மாதிரி" காணாமல் போனது என்று தேடியிருந்தால், நிரபராதி என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டாலும் 400 பக்கம் தாங்கும்.