ஆறாயிரம் ரூபாய் கிட்டார் கேபிளும் வாழ்நாள் வாரன்டியும்: வாங்கலாமா, வேண்டாமா?

பெரம்பூர்_ஆறுதந்தி

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறோம். என்னிடம் இருப்பது சிங்கிள் காயில் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைக் காந்தச் சுருள்) போட்ட ஸ்ட்ராட் மாடல் கிட்டாரும் ஒரு சின்ன ஆம்பும்தான், பெடல் எதுவும் இல்லை. மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் 6 மீட்டர் கேபிள் கேட்டேன். ஒன்று ரூ. 450, இன்னொன்று ரூ. 5,900. "இதை வாங்கிட்டீங்கன்னா ஆயுசுக்கும் வேற கேபிள் வேண்டாம் தம்பி, லைஃப்டைம் வாரன்டி, சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். கிட்டாரே பதினெட்டாயிரம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒயருக்குக் கொடுப்பது நியாயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேடைக்காரன்_வடபழனி

வாங்குங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷன் மேடையில் பல்லவி முடிந்து கிட்டார் பிட் வருகிற இடத்தில் கேபிள் கரகரத்து நின்று போனால், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கேபிளின் குற்றம் என்று தெரியாது, கிட்டார்காரனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள், பார்ட்டியும் சம்பளம் கொடுக்கும்போது அதைச் சொல்லிக் காட்டுவார். மேடையில் வீடியோகாரர் மிதிப்பார், கீபோர்டு ஸ்டாண்டின் கால் ஏறி நிற்கும், குழந்தைகள் ஓடும். 450 ரூபாய் ஒயர் அதற்கெல்லாம் தாங்காது. என் கேபிள் ஒருமுறை போனபோது கடைக்குக் கொண்டு போனேன், கவுன்டரிலேயே புதுசு எடுத்துக் கொடுத்தார்கள், ஒரு கேள்வி இல்லை. வாரன்டி என்றால் அதுதான்.

ஈயப்பற்று

அண்ணன் சொல்வதில் மேடைக் கஷ்டம் முழுக்க உண்மை. ஆனால் அதற்கு மருந்து ஆறாயிரம் ரூபாய் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் ஆம்ப், மிக்ஸர் சர்வீஸ் செய்கிறவன். என் மேஜைக்கு வரும் செத்துப்போன கேபிள்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இடத்தில்தான் செத்திருக்கும்: ஒயர் ஜாக்குக்குள் நுழைகிற அந்த ஒரு அங்குலத்தில். நடு ஒயர் அறுந்து வருவது அபூர்வம், நாற்காலி காலில் நசுங்கியிருந்தால்தான் உண்டு.

450 ரூபாய் கேபிளின் உண்மையான குறை, ஜாக்கை ரப்பரோடு சேர்த்து வார்த்து மூடியிருப்பார்கள், திறக்க முடியாது. உள்ளே ஷீல்டு (நடுக் கம்பியைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கிற பின்னல்) இழைகள் நான்கைந்து மட்டும் ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரை போட்டுத் திறக்கிற நியூட்ரிக் மாதிரி ஜாக் என்றால், ஒயரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிடி ஒன்று உள்ளே இருக்கும். இழுத்தால் அந்த இழுவை பிடியில்தான் விழும், ஈயத்தில் விழாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நல்ல கிட்டார் ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கி, அந்த ஜாக் இரண்டு போட்டு, பற்றவைத்துக்கொண்டால் அவர்கள் சொல்லும் விலையில் பாதி கூட ஆகாது. போனால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். இதற்கு வாரன்டி கார்டு எதற்கு?

டோன்தேடி

உழைப்பு, உறுதி எல்லாம் சரி, ஆனால் சவுண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். விலை அதிகமான கேபிளில் மேல் தந்திகளின் பளபளப்பு தனியாகத் தெரிகிறது, மலிவானதில் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, தங்கப் பூச்சு ஜாக் என்று அவ்வளவு செலவு செய்து தயாரிப்பதற்குப் பலன் இல்லாமலா இருக்கும்? காதால் கேட்டதை மல்டிமீட்டர் இல்லை என்று சொல்ல முடியாது.

ஈயப்பற்று

நீங்கள் கேட்டது உண்மைதான் சார், அதை நான் மறுக்கவே இல்லை. காரணம்தான் வேறு. செம்பின் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் ஒயரின் தடை ஒன்றிரண்டு ஓம்தான். உங்கள் பிக்அப் காயிலின் தடையே ஆறாயிரம் ஓம் சுமார், ஆம்பின் இன்புட் பத்து லட்சம் ஓம். இதற்கு நடுவில் அந்த ஒன்றிரண்டு ஓம் அரையாகக் குறைந்தாலும் யார் காதுக்கும் எட்டாது.

எட்டுவது கெப்பாசிட்டன்ஸ், அதாவது ஒயர் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, பிகோஃபாரட்டில் சொல்வார்கள். நடுக் கம்பிக்கும் சுற்றியுள்ள ஷீல்டுக்கும் இடையில் தேங்குகிற அது ஒவ்வொரு மீட்டருக்கும் கூடிக்கொண்டே போகும். பிக்அப் காயிலோடு சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஒரு மேடு உண்டாக்கும், அங்கே சத்தம் தூக்கலாக இருக்கும், அந்த மேட்டுக்கு மேலே இருக்கும் ட்ரெபிள் (கீச்சான மேல் ஓசை) சரசரவென்று இறங்கிவிடும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். சிங்கிள் காயிலுக்கு இண்டக்டன்ஸ் (சுருளின் காந்தத் தன்மை அளவு) 2.5 ஹென்றி, அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானின் கனாரே ஜிஎஸ்-6 ஒயர் மீட்டருக்கு 160 பிகோஃபாரட். அதில் 6 மீட்டர் போட்டால் மேடு சுமார் 3,100 ஹெர்ட்ஸில் விழும். அதே ஜப்பானின் மொகாமி 2524 என்ற ஒயர் மீட்டருக்கு 130, மேடு 3,400 பக்கம். ஜெர்மனியின் சோமர் எல்எல்எக்ஸ் மீட்டருக்கு 52தான், அதே 6 மீட்டரில் மேடு 5,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிவிடும். இது நன்றாகவே காதில் விழுகிற வித்தியாசம்.

இப்போது மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள ஒரு சாதாரண ஒயரை 3 மீட்டர் மட்டும் வெட்டிப் போடுங்கள். அதுவும் 5,000 ஹெர்ட்ஸ்தான்! அதாவது, பேர்பெற்ற ஜப்பான் ஒயரில் 6 மீட்டர் வாங்குகிறவரை விட, பேர் தெரியாத ஒயரில் 3 மீட்டர் வாங்குகிறவருக்கு ட்ரெபிள் அதிகம் கிடைக்கும். நீங்கள் மாற்றி மாற்றிப் போட்ட இரண்டு கேபிளும் ஒரே நீளமா, ஒவ்வொன்றும் எத்தனை பிகோஃபாரட் என்பதைப் பாருங்கள். விலைச் சீட்டில் அது தெரியாது. பல கம்பெனிகள் அட்டையிலும் அச்சடிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. தங்கம், ஆக்ஸிஜன் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் போடக் கூடாதா?

டோன்தேடி

கணக்கு புரிகிறது. ஆனால் 3 மீட்டரை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்ய முடியும்? ஆம்ப் பின்னால் இருக்கும், நாம் முன்னால் நிற்போம். 6 மீட்டரே வேண்டும், ட்ரெபிளும் வேண்டும் என்கிறவருக்குக் கெப்பாசிட்டன்ஸ் குறைந்த ஒயர்தான் வழி, அது விலை கூடத்தான் இருக்கும். அந்த இடத்தில் கூடுதல் காசு வீண் இல்லை. தங்கப் பூச்சையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எங்கள் வீடு பெசன்ட் நகர், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக் காற்றில் கதவுக் கீலே துருவேறுகிறது, தங்கம் அப்படி ஆகாது.

ஈயப்பற்று

ஜாக்கில் தங்கம் சரி, அது போய்ச் செருகுகிற கிட்டார் சாக்கெட் நிக்கல் பூச்சுதானே? அது கறுத்தால் கரகரக்கத்தான் செய்யும். மாதம் ஒருமுறை ஜாக்கை உலர்ந்த துணியால் துடைத்து நான்கைந்து தடவை செருகி எடுத்தால் போதும். 6 மீட்டர் பிரச்சினைக்கு ஒரு பஃபர் பெடல் (நீள ஒயரையும் தாங்குகிற மாதிரி சிக்னலைப் பலப்படுத்துவது), இல்லை பஃபர் உள்ள ட்யூனர் பெடல் போடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் ஓடினாலும் ட்ரெபிள் குறையாது. கிட்டாரிலிருந்து பெடல் வரை உள்ள ஒயர் மட்டும்தான் கணக்கு.

சாந்தோம்_கொயர்

நான் வாரன்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன். கோயில் கொயரில் வாசிக்கிறேன். என்னுடையது பிரீஆம்ப் வைத்த அக்கூஸ்டிக், 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது, பஃபர் வேலையைக் கிட்டாருக்குள்ளேயே அது செய்துவிடும், அதனால் மேலே பேசிய பிகோஃபாரட் எதுவும் என்னைத் தொடாது. உழைக்கிற கேபிள் வேண்டும் என்றுதான் வாங்கினேன். ஒரு பக்க ஜாக் ஆட்டம் கண்டு சத்தம் விட்டு விட்டு வந்தது. வாங்கிய கடை அதற்குள் இல்லை. விநியோகஸ்தருக்கு எழுதினால் ஒரிஜினல் பில் கேட்டார்கள். கிட்டார் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தேன், பிரித்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். நாளானால் எழுத்து மங்கிப் போய்விடுகிற அந்த வழவழப்பான பில் அது. கடை முத்திரை மட்டும் நீல மையில் நிற்கிறது, கேபிள் பெயரோ தேதியோ ஒன்றும் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் போன விவரத்தை அனுப்பினேன், அதில் பொருளின் பெயர் இல்லை என்றார்கள். அதற்கு மேல் கேபிளை வெளியூருக்கு என் செலவில் கூரியர் செய்ய வேண்டும், பழுது "தவறான உபயோகம்" என்று அவர்கள் முடிவு செய்தால் திருப்பி வாங்கும் செலவும் என்னுடையது. கடைசியில் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் கால் மணி நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்தார், இன்றுவரை ஓடுகிறது.

வாங்குகிறவர்கள் பில்லை அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள், மாடல் பெயரும் வாரன்டியும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த வாரன்டியை மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் ஒரு கேபிளுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்பது விற்கிறவர்களுக்கும் தெரியும்.

மேடைக்காரன்_வடபழனி

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது கடை மாறிப்போனதால் வந்தது. நான் வாங்குகிற கடை என் அப்பா காலத்திலிருந்து பழக்கம், முகம் தெரியும், பில்லே கேட்க மாட்டார்கள். அப்புறம், எல்லோராலும் சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியாது தம்பி. இரவு ஒன்றரை மணிக்கு கச்சேரி முடித்து, மறுநாள் காலை தாம்பரத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறவனுக்கு ரிச்சி தெரு சுற்ற நேரம் ஏது? என் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைத்தான் அந்த ஆறாயிரத்தில் கொடுக்கிறேன்.

ஈயப்பற்று

அண்ணே, அப்படியானால் உங்களுக்கு வாரன்டி கொடுப்பது கம்பெனி இல்லை, அந்தக் கடைக்காரர். அவர் 1,500 ரூபாய் கேபிளுக்கும் அதையே செய்வார். பெரம்பூர் தம்பிக்கு அந்தக் கடையில் முகம் தெரியாது, அவருக்கு அட்டையில் அச்சடித்த நிபந்தனைதான் மிஞ்சும். பல அட்டைகளில் முதலில் வாங்கியவருக்கு மட்டும், அங்கீகரித்த கடையில் வாங்கினால் மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

மேடைக்காரன்_வடபழனி

அதற்காக வாரன்டியே வேண்டாம் என்பீர்களா? சொந்தமாகப் பற்றவைத்த கேபிள் மேடையில் விட்டுப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈயம் உருண்டு நிற்கும், ஆனால் பிடித்திருக்காது. தெரியாதவர்கள் கையில் அது கம்பெனி கேபிளை விட மோசம். என் பேச்சில் மாற்றம் இல்லை: சம்பளம் வாங்கி வாசிக்கிறவன் நல்ல கேபிள் இரண்டு வைத்திருக்க வேண்டும், ஒன்று கையில், ஒன்று பையில்.

பெரம்பூர்_ஆறுதந்தி

எனக்குப் பற்றவைக்கத் தெரியாது. ரெடிமேடாகவே வாங்க வேண்டும் என்றால் கடையில் எதைப் பார்ப்பது?

ஈயப்பற்று

ஜாக்கின் மூடியை மரை திருகிக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற முடியாது என்றால் வேண்டாம். கழன்றால், ஷீல்டு இழை முழுவதும் முறுக்கி ஒரே இடத்தில் பற்றியிருக்கிறதா, ஈயம் மங்கலாக உருண்டு நிற்காமல் படர்ந்து வழவழப்பாக இருக்கிறதா, ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அசைகிறதா என்று பாருங்கள். அப்புறம் கடை ஆம்பில் செருகி, ட்ரெபிளையும் வால்யூமையும் நன்றாக ஏற்றி, ஒயரைத் தரையில் தட்டச் சொல்லுங்கள். டப் டப் என்று ஸ்பீக்கரில் கேட்டால் அந்த ஒயரில் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் உறை இல்லை, நீங்கள் மேடையில் நடந்தாலே சத்தம் வரும். இந்த இரண்டிலும் தேறுகிற கேபிள் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். இப்போதைக்கு 3 மீட்டர் போதும், சின்ன ஆம்ப் பக்கத்தில்தானே இருக்கப் போகிறது.

பற்றவைக்க ஆசை இருந்தால் ரிச்சி தெருவுக்கு வாருங்கள், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலை நல்லது. ஒயர் வாங்கும்போது "கிட்டார் ஒயர், ஷீல்டு உள்ளது" என்று கேளுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கொடுத்துவிட்டால் சீரியல் லைட்டின் உறுமல் எல்லாம் உங்கள் ஆம்பில் கேட்கும்.

டோன்தேடி

தம்பி, கேபிளில் அம்புக்குறி போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உள்ளே இரண்டு கம்பி ஓடி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்திருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. ஒற்றைக் கம்பி ஒயரில் எந்தப் பக்கம் செருகினாலும் ஒன்றுதான். மற்றபடி 6 மீட்டர் தேவைப்படும் நாள் வந்தால் நான் சொன்ன குறைந்த கெப்பாசிட்டன்ஸ் ஒயரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பஃபர் போட்ட கிட்டாரின் தொடு உணர்வு எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

பெரம்பூர்_ஆறுதந்தி

சரி, 3 மீட்டர், மரை ஜாக், தட்டிப் பார்த்து வாங்குகிறேன். மிச்சப் பணத்தில் ட்யூனர் பெடல். சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கும் வருகிறேன் அண்ணா, ஒயரும் ஜாக்கும் எந்தக் கடையில் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.