இலை, ஓலை, மட்டை: பொட்டலம் கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோவை, தின்பண்டம் செய்து விற்பவர்:

வீட்டிலேயே தினை லட்டு, எள்ளுருண்டை, அதிரசம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்று கண்ணாடி பாட்டிலுக்குப் போனால், கூரியரில் எடை போடும்போதே பாதி லாபம் காலி. வழியில் உடைந்தால் மீதியும் போச்சு. இலையோ ஓலையோ மட்டையோ, வியாபாரத்தில் நிஜமாகவே பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். பாரம்பரியப் பெருமை நிறையக் கேட்டாயிற்று. எது ஒழுகியது, எதில் பூசணம் பிடித்தது, எது தாக்குப்பிடித்தது என்று தெரிந்தால் போதும்.

உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரி:

எங்கள் ஊரில் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டிதான். 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் பெட்டியோடுதான் வேண்டும் என்கிறார்கள். அழகுக்காகக் கேட்கிறார்கள், ஆனால் விஷயம் வேறு. கருப்பட்டி ஈரம் இழுக்கிற பண்டம். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கிற ஈரம் போக வழியில்லாமல் கவரில் வேர்த்து, மறுபடி கருப்பட்டி மேலேயே இறங்கிப் பிசுபிசுக்கும். ஓலைப்பெட்டி காற்று விடும்.

ஆனால் அதே காரணத்தால் மழைக்காலத்தில் வெளி ஈரமும் உள்ளே வரும். முன்பு பெட்டியை அடுப்புக்கு மேல் பரணில் வைத்து, விறகுப் புகையிலேயே காய விடுவார்கள். காஸ் அடுப்பு வந்த வீட்டில் பரணும் இல்லை, புகையும் இல்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நான் பெட்டியில் அனுப்புவதே கிடையாது. எவ்வளவு கேட்டாலும் தை வரட்டும் என்றுதான் சொல்வேன்.

பெட்டி வாங்குகிறவர்கள் ஓலை நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, வெயிலில் காயவைத்து, முடையும் நேரத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து வளைப்பார்கள். முடைந்த பிறகு மறுபடி காயாத பெட்டியை அடுக்கி வைத்து விற்பவர்களும் உண்டு. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காய்ந்த பெட்டியில் வைக்கோல் வாசம் வரும். ஈரம் இருந்தால் புளித்த வாடை. அடிப்பக்கம் நாலு மூலையிலும் ஓலை இரட்டையாக மடிந்திருக்கும். பூசணம் முதலில் பிடிப்பது அங்கேதான்.

எள்ளுருண்டைக்கு வெறும் ஓலை போதாது, எண்ணெய் இறங்கிக் கறை பிடிக்கும். உள்ளே வாழைச்சருகு விரியுங்கள். மூக்குப்பொடியையே வாழைமட்டையில் மடித்து விற்ற ஊர்கள்தானே நம்முடையவை, லட்டுக்கு ஆகாதா? அதிரசத்தை மட்டும் இதில் முயற்சி செய்யாதீர்கள். அதற்குத் தூக்குவாளிதான் சரி.

அப்புறம், செட்டிநாட்டுக் கொட்டானை, அதாவது அங்கே முடைகிற பனையோலைக் கூடையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசாலாட்சி ராமசாமியின் முயற்சியால் மீண்டு வந்த வேலைப்பாடு அது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொடுக்கலாம். அரைக் கிலோ எள்ளுருண்டையை அதில் வைத்து விற்றால் பண்டத்தைவிடக் கொட்டான் விலை கூடிப்போகும்.

கும்பகோணம் பக்கம், மெஸ் நடத்துபவர்:

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் விரிக்கிற பிளாஸ்டிக் தாளை நிறுத்தினோம். பழையபடி இலையை வாட்டிக் கட்டினோம். பச்சை இலையை அப்படியே மடித்தால் பிளந்துகொள்ளும். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் நடு நரம்பைக் கத்தியால் சீவிவிட்டு, இலையைத் தணலுக்கு மேல் மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மேலிருக்கும் மெழுகு இளகி, வெளிர்ப் பச்சை பளபளவென்று கரும்பச்சையாக மாறிக்கொண்டே வரும். நிறம் மாறியதும் எடுத்துவிடணும், ஒரு நொடி தாமதித்தாலும் கருகும். அப்படி வாட்டிய இலையைத் துணி மாதிரி மடிக்கலாம். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் எல்லாம் அதில் மதியம்வரை தாராளமாக நிற்கும். சாதத்துக்கும் நல்ல மணம்.

மாட்டிக்கொள்வது சாம்பாரிலும் ரசத்திலும்தான். அதற்கு எந்த இலையும் கிடையாது, நானும் தேடாத இடமில்லை. பாத்திரம் கொண்டுவந்தால் விலையில் குறைத்துக்கொள்கிறோம். தெருக்காரர்கள் கொண்டுவருகிறார்கள், பஸ் பிடிக்க ஓடுகிறவர் எங்கே கொண்டுவருவார்?

முகூர்த்த நாளில் இலை விலை ஏறிவிடும். அதற்காக மந்தாரைத் தையல் இலை கொஞ்சம் வாங்கி வைத்திருப்போம். உலர்ந்து மொடமொடவென்று இருக்கும், கட்டுவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் தெளித்தால் வளையும். ஒன்று: இலைக்கு மேல் செய்தித்தாள் சுற்றாதீர்கள். அச்சு மையால் கெடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை சொல்லியும் இன்னும் பாதிக் கடைகளில் அதுதான் நடக்கிறது.

சென்னை, வாடிக்கையாளர் மட்டும்:

துணிப்பை என்று நினைத்து நீங்கள் வாங்குவதில் பாதி துணியே இல்லை. கையால் கிழித்தால் நூல் வராமல் பஞ்சுபஞ்சாகப் பிய்ந்தால் அது பாலிபுரொப்பிலீன், அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. இரண்டும் என் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கின்றன.

ஆத்தூர், பாக்குமட்டைத் தட்டு செய்பவர்:

மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டைதான் எங்களுக்கு மூலப்பொருள். கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசையோ ரசாயனமோ சேர்ப்பதில்லை. ஆனால் எல்லாம் நன்மை என்று நான் சொல்லப்போவதில்லை. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. பாக்கில் இருக்கும் அரெகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (தாவரத்தில் இயற்கையாக இருக்கும் வேதிப்பொருள்கள்) உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஏற்றுமதியை நம்பியிருந்தவர்களுக்குப் பெரிய அடி. இங்கே கல்யாண ஆர்டர் வழக்கம்போல் வருகிறது. வாங்குகிறவர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலையில் சாப்பிட முடிகிற இடத்தில் இலை இருக்கட்டும் என்பது இந்தத் தொழிலில் இருந்துகொண்டே நான் சொல்வது.

கோத்தகிரி, தேன் விற்பவர்:

கண்ணாடியைப் பிளாஸ்டிக்கோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தேனைச் சுரைக்குடுக்கையிலும் மூங்கில் குழாயிலும் வைத்த காலம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீர் கூடினால் புளித்துவிடும். எங்கள் மலை ஈரத்தில் குடுக்கையை நம்பிக் கடையில் அடுக்க முடியாது.

கண்ணாடியில் தொல்லை, அதைக் காட்டில் வீசுவதால் வருவது. உடைந்த பாட்டில் யானைக் காலில் குத்தினால் அந்தப் புண் ஆறுவது லேசில்லை. 2022-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு நீலகிரி மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். குடித்துப் போட்டவர் மறந்தாலும் பொறுக்குகிறவர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அதைப் பார்த்து நானும் தேன் பாட்டிலைத் திரும்ப வாங்குகிறேன். உள்ளூரில் நடக்கிறது. கூரியரில் போனது திரும்பாது.

கும்பகோணம் பக்கம், மெஸ் நடத்துபவர்:

உடன்குடி அண்ணாச்சி, பதநீர் குடிக்கிற ஓலைப்பட்டை தண்ணீர் தாங்குகிறதே, அதில் சாம்பார் கட்ட முடியுமா?

உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரி:

முடியாது தம்பி. பட்டை பச்சை ஓலையில் பிடிப்பது, கையில் ஏந்திக் குடித்து முடிக்கிற நேரம்தான் அதற்கு. கீழே வைத்தால் சாய்ந்துவிடும், காய்ந்தால் மடிப்பு விரிந்துவிடும். ஆட்டுக்கறிக்கு எங்கள் பக்கம் பட்டையில்தான் கட்டித் தருவார்கள், வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். சாம்பாருக்குத் தூக்குவாளியை நீங்களே வாங்கி வைத்து, பஸ்ஸுக்கு ஓடுகிறவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துப் பாருங்கள், கோத்தகிரிக்காரர் பாட்டிலுக்குச் செய்கிற மாதிரி.