த்வாம்ப் எதிரியா, பொறியா?

கோட்டைவாசல்:
போன வாரம் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 வீடியோ கேமை முதலிலிருந்து ஆடி முடித்தேன். ஆடும்போது ஒரு பழைய கோபம் திரும்ப வந்தது. மரியோவின் சிறந்த எதிரிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் த்வாம்ப் அதில் இருக்கிறது. கோட்டைக்குள் கூரையை ஒட்டித் தொங்கும், முள் விளிம்பு வைத்த அந்தக் கல்லைத்தான் சொல்கிறேன்.

அது எதிரியே இல்லை என்பது என் கட்சி. எதிரி என்றால் ஜெயிக்க ஒரு வழி வேண்டும். கூம்பா என்கிற காளான் எதிரியை மிதிக்கலாம். கூப்பா என்கிற ஆமையை மிதித்து அதன் ஓட்டை உதைத்துவிடலாம். த்வாம்பை மிதித்தால் நமக்குத்தான் அடி. நெருப்பு உருண்டை போட்டால் அசையாது. கிட்டே போனால் விழும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குப் பெயர் எலிப்பொறி. 1985-இல் வந்த முதல் ஆட்டத்தின் கோட்டைகளில் நெருப்புக் கம்பி சுற்றுமே, அதை யாராவது எதிரி என்று சொல்கிறோமா? கல்லில் ஒரு முகம் வரைந்துவிட்டால் மட்டும் எதிரியாகிவிடுமா?

நீலக்காலணி:
நண்பரே, நெருப்புக் கம்பி நீங்கள் இருந்தாலும் சுற்றும், இல்லாவிட்டாலும் சுற்றும். த்வாம்ப் அப்படி இல்லை. நீங்கள் வரும்வரை சும்மா இருக்கும். விழ வைப்பதே நீங்கள்தான். அந்த ஒரு வித்தியாசத்தில் ஆட்டமே மாறிவிடுகிறது.

அதைக் கடக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். தெரியாதவர் நேராக ஓடி நசுங்குவார். தெரிந்தவர் இரண்டு அடி முன்னே வைத்து உடனே பின்வாங்குவார். கல் வெறும் தரையில் தொம்மென்று விழும், ஒரு கணம் அப்படியே கிடக்கும், அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏறும். விழும்போது இருக்கிற வேகத்தில் பாதிகூட ஏறும்போது இல்லை. அந்த இடைவெளிதான் நமக்கான வழி. எங்கள் ஆச்சி நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். உலக்கை மேலே போகிற நேரத்தில் உரலுக்குள் கைவிட்டுச் சிதறிய நெல்லைத் தள்ளிவிடுவார். ஒருநாளும் கையில் அடி பட்டதில்லை. த்வாம்புக்கு அடியில் ஓடுவதும் அதே கணக்குதான். நீங்கள் ஏமாற்ற, அது ஏமாறுகிறது. ஏமாறத் தெரிந்தது எதிரிதான்.

கோட்டைவாசல்:
உலக்கை உவமை அருமை, ஆனால் அது என் பக்கம்தான் சேர்கிறது. உலக்கை யாருக்கும் எதிரி இல்லையே!

"ஏமாறுகிறது" என்பது நீங்கள் ஏற்றிச் சொல்வது. உள்ளே நடப்பது, மரியோ பக்கவாட்டில் எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்ற ஒரு சோதனை மட்டும். சரி, அதையும் விடுங்கள். அதே மூன்றாம் ஆட்டத்தில் பக்கவாட்டில் பாய்கிற த்வாம்ப் இருக்கிறது, சாய்வாகப் போய்வருகிறதும் இருக்கிறது. கனமான கல், அதனால் மேலிருந்து விழுகிறது என்று ஒரு விதியை நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே கல்லை அந்தரத்தில் குறுக்கே ஓடவிட்டால் எப்படி? முதல்முறை பார்ப்பவருக்கு அதை ஊகிக்க வழியே இல்லை.

ஆறாம் உலகம்:
ஒரு திருத்தம் மட்டும். மூன்றாம் ஆட்டத்தில் த்வாம்பைக் கொல்லவே முடியாது என்பது சரியில்லை. சுத்தியல் உடை போட்டுக்கொண்டு சுத்தியலை எறிந்தால் விழுந்து போகும். பூ என்கிற வெள்ளைப் பேயும் அந்தச் சுத்தியலுக்குத் தப்பாது. டனூக்கி என்ற ஜப்பானிய விலங்கின் உடை இருந்தால் இன்னொரு வழி உண்டு. சிலையாக மாறி நின்றுவிட்டால் அந்தச் சில நொடிகளுக்கு எந்த எதிரியாலும் நம்மைத் தொட முடியாது. கல்லுக்கு எதிரே கல்லாக நிற்கலாம்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு டிவி கேமில் இந்தக் கேசட் போட்டுத்தான் ஆடுவோம். சுத்தியல் உடை ஒன்று கிடைத்தால் அதைப் போடாமல் கடைசிவரை சேமித்து வைப்போம். அதை முதன்முதலாக த்வாம்ப் மேல் எறிந்த அன்று அறையில் இருந்த நான்கு பேரும் கத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

கோட்டைவாசல்:
திருத்தத்துக்கு நன்றி சகோ, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த உடை எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கண்ணால் பார்க்காமலேயே ஆட்டத்தை முடித்தவர்கள் ஏராளம்.

நீலக்காலணி:
அடுத்த ஆட்டத்துக்கு வாருங்கள். 1990-இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில் த்வாம்பின் முகத்தைக் கவனியுங்கள். தூரத்தில் இருக்கும்போது ஒரு முகம். கொஞ்சம் நெருங்கினால் முகம் மாறும், உங்களைக் கண்டுகொண்டது தெரியும். இன்னும் ஒரு அடி வைத்தால் கோபமாகி விழும். எச்சரித்துவிட்டு அடிக்கிற பொறி எங்கே இருக்கிறது? அதில் சுழன்று குதித்தால் த்வாம்பின் மேலேயே அடிபடாமல் துள்ளிப் போகவும் முடியும். முந்தைய ஆட்டத்தில் தொடவே பயந்த கல் அது.

மணிக்கூண்டு:
பெயரையும் பேச வேண்டும். ஜப்பானில் இதன் பெயர் டொஸ்ஸுன். கனமான பொருள் விழும் சத்தத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நம் "தொம்" மாதிரி. செய்யும் வேலையின் சத்தமே பெயராகிவிட்டது. இந்த விஷயத்தில் கோட்டைவாசல் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் 1996-இல் சூப்பர் மரியோ 64 வந்தபோது ஒன்று நடந்தது. டிக் டாக் க்ளாக் என்ற கடிகாரத்துக்குள் நடக்கும் கட்டத்தில், உச்சியில் உள்ள த்வாம்பின் தலையில் ஏறி நின்று, அது மேலே தூக்கும்போதுதான் ஒரு நட்சத்திரத்தை எட்ட முடியும். நசுக்க வந்த கல் படிக்கட்டாகிவிட்டது! எதிரியா, பொறியா என்ற கேள்வியே அங்கே எனக்கு மறந்துபோனது.

கோட்டைவாசல்:
64-ஐ எடுத்ததற்கு நன்றி, ஏனென்றால் நான் கேட்ட கல் எதிரி அதில்தான் இருக்கிறது. பெயர் வம்ப். நிற்க வைத்த பலகைக்கல் மாதிரி இருக்கும். நம்மைப் பார்த்ததும் முகம் குப்புற விழும். விழுந்து கிடக்கும்போது முதுகில் ஓங்கிக் குத்தினால் உடைந்துவிடும். அதே கனம், அதே ஆபத்து, ஆனால் நமக்கும் ஒரு அடி உண்டு. வம்ப் ராஜாவுக்கு மூன்று குத்து.

அந்த ராஜா சண்டைக்கு முன் என்ன சொல்கிறார் என்று படித்திருக்கிறீர்களா? வீடும் கோட்டையும் சாலையும் எங்கள் கல்லில்தான், எங்கள் மேல் நடக்கிற நீங்கள் ஒரு நன்றியாவது சொன்னீர்களா என்று கேட்கிறார். சண்டை போட அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. த்வாம்புக்கு என்ன காரணம்?

நீலக்காலணி:
அந்த வசனம் எனக்கும் பிடிக்கும். அதைக் கேட்டபின் குத்தவே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

காரணத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று இல்லை. என் மகளுக்கு ஆறு வயது. சூப்பர் மரியோ வேர்ல்டில் முதன்முதலாக த்வாம்ப் வந்தபோது முகம் மாறியதும் கையை எடுத்துவிட்டு, "அப்பா, அது என்னைப் பார்க்குது" என்றாள். முதல் ஆட்டத்தில் நெருப்புக் கம்பியிடம் பத்து முறையாவது செத்திருப்பாள். ஒருமுறைகூட அதைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

கோட்டைவாசல்:
குழந்தை சொல்வதை மறுக்க மாட்டேன். வேர்ல்டில் வருகிற த்வாம்ப் எதிரிதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் ஆட்டத்தில் வருவதை இன்னும் ஒப்பவில்லை. சாய்வாகப் போய்வரும் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.