ஜிங்க் ஆக்சைடு கலந்து வீட்டிலேயே சன்ஸ்கிரீன் செய்யலாமா?

உப்புக்காற்று:
தூத்துக்குடியில் தினமும் ஸ்கூட்டியில் 8 கிலோமீட்டர் போய் வருகிறேன். கன்னமும் புறங்கையும் எரிகின்றன. தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு உருக்கி 100 கிராமுக்கு 20 கிராம் ஜிங்க் ஆக்சைடு (வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பொடி) கலந்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

மாடித்தோட்டம்:
இதே அளவில் போன சித்திரையில் செய்தேன், சகோதரி. பார்க்க வெண்ணெய் போல அழகாக இருந்தது. ஆனால் பொடி எண்ணெயைவிடக் கனமானது, ஆறுவதற்குள் அடியில் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கட்டிகளும் இருந்திருக்கும். பூசிக்கொண்டு மதியம் துணி காயப்போட்டேன். மூக்கின் ஒரு பக்கம் சிவந்து தோல் உரிந்தது, மறுபக்கம் ஒன்றுமில்லை. தடுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வீட்டில் அளக்க வழியே கிடையாது. வெறும் தேங்காய் எண்ணெய் தடுப்பதும் மிகக் கொஞ்சம். மீதியைக் குதிகால் வெடிப்புக்குப் பூசித் தீர்த்தேன், அதற்கு அருமையாக இருந்தது! வெயிலுக்குக் கடையில் எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும்.

வேப்பமரம்:
அப்புறம், எலுமிச்சைச் சாறு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரும். புறங்கைக்குப் பருத்திக் கையுறை போடுங்கள், கழுத்துக்குத் துப்பட்டா.

உப்புக்காற்று:
சரி அக்கா, பொடியை இன்னும் பிரிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வியர்வையில் வழியாத சன்ஸ்கிரீன் எது என்றும் சொல்லுங்கள்.