சிம்னி பிரெஸ்ட்: கணப்புப் புடைப்பா, தடவுப்புடையா?

செ. எழுதியது:
அன்பர்களே, லண்டனில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீட்டைத் தளவாரியாகப் பிரித்த ஃபிளாட்டுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கான வழிகாட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'சிம்னி பிரெஸ்ட்' ஒன்றுக்குத்தான் தமிழ்ச்சொல் முடிவாகாமல் நிற்கிறது. குளிர்காயும் அடுப்பையும் புகைவழிகளையும் உள்ளே வைத்து, அறைக்குள் துருத்தி, தரைத்தளத்திலிருந்து மாடி மாடியாக ஏறும் செங்கல் கட்டு அது. கீழ்வீட்டுக்காரர் இடம் வேண்டி இடித்துவிட்டால், மேல்வீட்டுப் பகுதியும் கூரைமேல் உள்ளதும் தாங்கலின்றித் தொங்கும். 'மார்பு' என்று எழுத மனம் வரவில்லை.

மு. எழுதியது:
'கணப்புப் புடைப்பு' என்று வையுங்கள் ஐயா. கணப்பு என்றால் குளிர்காயும் நெருப்பு. சுவரோடு ஒட்டி முன்னெழுவதைத்தானே புடைப்புச் சிற்பம் என்கிறோம்? உடம்பு கணகணவென்று சுடுகிறது என்கிறோம். குழந்தைகளின் கணைச்சூடும் அந்த வேர்தான். 'கனல்' வழி வந்ததாக நினைத்துக் 'கனப்பு' என்று எழுதுவோர் உண்டு. இங்கே றன்னகரத்துக்கு இடமில்லை.

அ. எழுதியது:
நெடுநல்வாடையில் கூதிர்க் குளிருக்கு மக்கள் காய்வது 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு'. தடவு என்பது நெருப்பிடும் சட்டி. சங்கச் சொல் கையில் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? 'தடவுப்புடை' என்க. புடை என்றால் பக்கம் என்றும் பொருள். பக்கச்சுவரில் இருப்பதற்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது. தட என்ற உரிச்சொல் பெருமையும் குறிக்கும், வளைவும் குறிக்கும். வாய் அகன்ற சட்டிக்கு அப்பெயர் வந்தது அதனால்தான் என்பது என் துணிபு.

இரா. எழுதியது:
ஐயா, தடவைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம். இது பக்கத்து வீட்டோடு பங்கிடும் பொதுச்சுவரோடு செங்கல் கோத்துக் கட்டியது. அந்தச் சுவருக்கே விறைப்புத் தருவது. சொல்லில் அந்தக் கனம் தெரிய வேண்டும். இடித்த இடத்தில் இரும்பு உத்தரம் கொடுத்து, இரு முனையும் சுமைதாங்கும் சுவரில் ஏற வேண்டும். முக்கோணத் தாங்கியை போல்ட் போட்டு நிறுத்தும் வழியும் உண்டு. ஆனால் பொதுச்சுவர் ஒன்பது அங்குலமாவது இருந்து, அடுத்த வீட்டுக்காரர் தம் பக்கத்துக் கட்டை இடிக்காமல் வைத்திருந்தால்தான் அதை யோசிக்கவே முடியும். பல கவுன்சில்கள் அப்போதும் ஏற்பதில்லை. உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்தில் போல்ட்டுக்குப் பிடி கிடைக்காது. 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு 2 மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் கட்டுமானம் பெரும்பாலும் நிலவுரிமையாளருடையது. அவர் சம்மதம் தனி, கவுன்சிலின் கட்டட அனுமதி தனி.

த. எழுதியது:
அண்ணா, இங்கு எங்கட ஆக்கள் 'புகைக்கூடு' என்றுதான் சொல்லுவினம். கணப்பு என்றால் முதியவர்களுக்கு விளங்காது. 'புகைக்கூட்டுப் புடைப்பு' என்றால் ஒருத்தரும் அகராதி தேட மாட்டினம்.

இரா. எழுதியது:
அப்படியானால் மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: கூரைக்கு மேலே தெரிவது புகைக்கூடு, உள்ளே போகும் குழாய் புகைவழி, அறைக்குள் துருத்துவது புடைப்பு. அடுப்பு வாயை மட்டும் அடைப்பவர்களுக்கும் இது தேவை. கீழே காற்றுத்துளை வைத்து, மேலே மழை புகாமல் காற்று மட்டும் போகும் மூடி போடாவிட்டால், புகைவழிக்குள் ஈரம் தங்கும். கரியில் ஊறிய உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு பூச்சில் பழுப்புக் கறையாக வெளிவரும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும்.

அ. எழுதியது:
எளிமை என்ற பெயரில் நல்ல சொற்களை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கைவிட்டோம். அடைப்புக்குறிக்குள்ளாவது தடவு இடம்பெறட்டும்.

செ. எழுதியது:
நேரமில்லை. 'புகைக்கூட்டுப் புடைப்பு' என்பதற்கே ஆதரவு அதிகம். முதல் இடத்தில் படம் போட்டு, 'சிம்னி பிரெஸ்ட்' என்றும் தமிழெழுத்தில் தருகிறேன். அ. ஐயாவின் தடவு அருஞ்சொல் பட்டியலில் சேரும்.

மு. எழுதியது:
கணப்பு போனாலும் போகட்டும். ஆனால் ஈரம் பற்றிய அதிகாரத்தில் 'சுவர்ப்பூச்சு புடைத்திருந்தால் சுரண்டி எடுக்கலாம்' என்று வரைவில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லா? புடைப்பை எடுக்கலாம் என்று யாராவது செங்கல்லில் கைவைத்தால் என்ன செய்வது? அங்கே 'உப்பியிருந்தால்' என்று திருத்துங்கள். திருத்தும்வரை என் மறுப்பு நிற்கிறது.