முழங்கால் வலிக்கு லேசர்: பணம் கட்டலாமா, வேண்டாமா?

கொடிமுல்லை:
அம்மாவுக்கு 64 வயது. ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செய்யட்டும், எடையைக் குறைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பயிற்சிக்காகப் போன பிசியோதெரபி சென்டரில், லேசர் வைத்தால் வலி போகும், தேய்ந்த ஜவ்வும் வளரும் என்கிறார்கள். 12 சிட்டிங் பேக்கேஜ், முழுப் பணத்தையும் முன்பே கட்டணும். வலி மாத்திரை அம்மாவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால்தான் யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தராசுமுள்:
கட்டாதீர்கள். மனிதர் மூட்டில் தேய்ந்துபோன குருத்தெலும்பு (அவர்கள் ஜவ்வு என்பது) லேசரால் திரும்ப வளர்ந்ததற்கு நம்பும்படியான சான்று எதுவும் இல்லை. அதைச் சொல்லிப் பணம் கேட்கிற இடத்தை நம்பவே கூடாது. வலிக்காவது உதவுமா என்றால், பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட், லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ், ஐ.எஃப்.டி., பிறகு லேசர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, பலன் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை, கொடுக்க வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதல் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியை. உங்கள் டாக்டர் சொன்னதும் அதுதானே?

பிசியோ செந்தில்:
நான் பிசியோதெரபிஸ்ட். ஜவ்வு வளரும் என்று சொன்னது தவறு, அதை நானும் கண்டிக்கிறேன். ஆனால் அந்த ஒரு பொய்க்காக சிகிச்சையையே தூக்கி எறிவதை ஏற்க முடியாது.

இது வெட்டுகிற, சுடுகிற லேசர் இல்லை. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள் மேல் ரூபி லேசரைக் காட்டினார். காட்டிய இடத்தில் முடி வேகமாக முளைத்தது. அங்கே தொடங்கியது இந்தத் துறை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா உறிஞ்சுகிறது. அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, அழற்சி தணிகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

முழங்காலுக்கு வருவோம். 2019-ல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் 22 ஆய்வுகளை, 1063 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு வந்தது. போலி லேசர் வைத்தவர்களைவிட உண்மை லேசர் வைத்தவர்களுக்கு, 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் சுமார் 14 மில்லிமீட்டர் கூடுதலாக வலி குறைந்திருந்தது. சரியான டோஸ் கொடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் இன்னும் அதிகம். கழுத்து வலிக்கு 2009-லேயே லான்செட் மருத்துவ இதழில் இதுபோன்ற பகுப்பாய்வு வந்தாயிற்று: 16 ஆய்வுகள், 820 பேர். நாள்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை பலன் நின்றிருக்கிறது.

தராசுமுள்:
செந்தில் சார், 2015-ல் முழங்காலுக்கே வந்த இன்னொரு பகுப்பாய்வை விட்டுவிட்டீர்கள். 9 ஆய்வுகள், 518 பேர், பலன் இல்லை என்றுதான் முடித்தார்கள். நான்கு ஆண்டுக்குள் முடிவு தலைகீழாகிறது என்றால் காரணம், அடியில் இருப்பவை எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

அடுத்தது இந்த 'சரியான டோஸ்' வாதம். குறைந்தாலும் வேலை செய்யாது, கூடினாலும் வேலை செய்யாது என்பதுதானே அதன் பொருள்? அப்படியானால் தோற்ற ஒவ்வொரு ஆய்வையும் டோஸ் சரியில்லை என்று ஒதுக்கிவிடலாமே. 2019 பகுப்பாய்வின் ஆசிரியர்களில் ஒருவரான பியோர்டால், அந்த டோஸைப் பரிந்துரைத்த உலக லேசர் சிகிச்சைக் கழகத்தின் தலைவராக இருந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிசியோ செந்தில்:
நியாயமான கேள்வி, பதில் இருக்கிறது. அந்த டோஸ் பட்டியல் 2010-லேயே வெளியானது. முடிவைப் பார்த்துவிட்டு வரைந்த கோடு இல்லை அது. மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்: கால்வாசி டோஸ் கொடுத்து வலி குறையவில்லை என்று ஓர் ஆய்வு வந்தால் அதை மாத்திரையின் தோல்வி என்பீர்களா?

கணக்கு எளிது. முழங்காலுக்கு 780 முதல் 860 நானோமீட்டர் அலைநீள லேசர் என்றால், லேசரை வைக்கிற ஒரு புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல் ஒளி ஆற்றல் வேண்டும். 100 மில்லிவாட் கருவியில் அதற்கு 40 வினாடி. 5 மில்லிவாட் கருவி என்றால் அதே 4 ஜூலுக்கு 800 வினாடி, அதாவது ஒரு புள்ளிக்கு 13 நிமிடத்துக்கு மேல். எத்தனை இடத்தில் அப்படிப் பொறுமையாக வைப்பார்கள்? அரைகுறையாகக் காட்டிவிட்டு லேசர் வேலை செய்யவில்லை என்று எழுதினால் எப்படி?

இன்னொன்று: அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, இந்த அளவில் சூடும் உறைக்காது. எது நிஜம் எது போலி என்று நோயாளிக்குத் தெரியாமல் ஆய்வு நடத்துவது இதில் மிகச் சுலபம். மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது.

தராசுமுள்:
சுலபம் என்பதுதான் என் வாதமும். அவ்வளவு சுலபமென்றால், மெஸ்டர் தொடங்கி 50 ஆண்டு கடந்தும் ஏன் ஆயிரம் பேரை வைத்து ஒரே ஒரு பெரிய ஆய்வு முழங்காலுக்கு வரவில்லை? முதுகு வலிக்கு 2008-ல், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு பார்த்தது, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லத் தரவு போதாது என்றது.

வெண்ணிலா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ரேடியேஷன் தொடங்கினா வாயெல்லாம் புண்ணாகும், சாப்பிட முடியாது, மூக்கு வழியா குழாய் வைக்க வேண்டி வரலாம்னு டாக்டர் முதல்லயே சொன்னார். தினமும் ரேடியேஷனுக்கு முன்னாடி வாய்க்குள்ள லேசர் வைத்தாங்க. புண் வந்தது, வரலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைசி வரைக்கும் கஞ்சி, மசித்த இட்லி வாய் வழியாத்தான் போச்சு. பக்கத்துப் படுக்கையில அந்த வசதி கிடைக்காதவங்க பட்ட பாட்டையும் பார்த்தேன். அதனால "லேசர் எல்லாம் ஏமாத்து வேலை" என்று மட்டும் யாரும் எழுதிடாதீங்க. படிக்கிறவங்க வேண்டாம்னு சொல்லிடப் போறாங்க.

தராசுமுள்:
வெண்ணிலா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. வாய்ப்புண் விஷயத்தில் எனக்கு எதிர்ப்பே இல்லை. மணிப்பால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 221 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்கள். லேசர் வைத்தவர்களுக்குக் கடுமையான புண்ணும் வலியும் தெளிவாகக் குறைந்தன. புற்றுநோய்ப் பக்கவிளைவுகளைக் கவனிக்கும் சர்வதேச அமைப்பான மாஸ்க், புண் வராமல் தடுக்க இதைப் பரிந்துரைக்கிறது. முழங்காலுக்கு வேண்டாம் என்ற அதே நைஸ், 2018-ல் இதற்குச் சம்மதம் சொன்னது.

வாய் வழியாகச் சாப்பிட முடிவது, சிகிச்சை நடுவில் நிற்காமல் போவது எல்லாம் உயிர் சம்பந்தப்பட்டவை. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கும்போது, முழங்கால் வலிக்குத் தெருத்தெருவாக லேசர் கிடைக்கிறது. ரேடியேஷன் வார்டில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

பிசியோ செந்தில்:
இதில் நானும் உங்கள் பக்கம். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன்: புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மேல் நாங்கள் லேசர் வைப்பதில்லை. வாய்க்குள் எங்கே வைப்பது, எங்கே தவிர்ப்பது என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யணும்.

மருதநிலம்:
என் மாமனாருக்கு சர்க்கரை. கால் கட்டைவிரலுக்கு அடியில் புண், ரெண்டு மாதமாக ஆறவில்லை. ஆன்லைனில் கையடக்க சிவப்பு ஒளிக் கருவி விற்கிறார்கள், புண் ஆறும் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பிசியோ செந்தில்:
வேண்டாம் சார். லேசருக்காக இவ்வளவு வாதாடுகிற நானே சொல்கிறேன். சர்க்கரைப் புண் ஆறாததற்குக் காரணம் காலுக்கு ரத்தம் போகாதது, உணர்ச்சி இல்லாமல் அதே இடத்தில் பாரம் ஊன்றி நடப்பது, எலும்பு வரை கிருமி இறங்கியிருப்பது. இதில் எது என்று கண்டுபிடிக்காமல் மேலே ஒளி காட்டினால் நாள்தான் போகும். நாளைக்கே பாதம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கட்டைவிரலில் பாரம் விழாதபடி செருப்போ கட்டோ போட்டு விடுவார்கள்.

தராசுமுள்:
ஆமாம், தள்ளிப்போடாதீர்கள். காக்ரேன் 2017-ல் இதைப் பார்த்தது: 8 ஆய்வுகள், 316 பேர்தான். புண் ஆற உதவலாம் என்ற சாடை தெரிகிறது, சான்றின் தரம் குறைவு. விரலைக் காப்பாற்ற அதை நம்பி உட்கார முடியாது.

கொடிமுல்லை:
எல்லோருக்கும் நன்றி. இன்று சென்டரில் கேட்டேன். அலைநீளம் என்ன, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்றதற்கு, மெஷினில் 'முழங்கால்' என்று பட்டன் இருக்கிறது, அதை அழுத்துவோம் என்றார்கள். செந்தில் சார், அதோடு கண்ணுக்குக் கண்ணாடி எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

பிசியோ செந்தில்:
அப்படியென்றால் அங்கே வேண்டாம். இந்த வகைக் கருவியில் நோயாளி, வைப்பவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை பாதிக்கப்படலாம். டோஸ் தெரிந்த ஆள் கிடைத்தால், பயிற்சியோடு சேர்த்து சில சிட்டிங் மட்டும், அன்றன்றைக்குப் பணம் கொடுத்து வைத்துப் பாருங்கள்.

தராசுமுள்:
பயிற்சியையும் லேசரையும் ஒன்றாகத் தொடங்கினால், வலி குறைந்தது எதனால் என்று எப்படித் தெரியும்? முதலில் தொடைத்தசைப் பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்யட்டும்.

பிசியோ செந்தில்:
அந்தக் கவலை ஆராய்ச்சியாளருக்கு. வலி பொறுக்க முடியாமல் பயிற்சியையே விட்டுவிடும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். முதல் மூன்று வாரம் வலி கொஞ்சம் தணிந்தால் அவர்கள் தொடர்கிறார்கள். எனக்கு அது போதும்.

தராசுமுள்:
அந்தத் தணிவுக்கு வெந்நீர் ஒத்தடம் போதாதா? மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லும் இருக்கிறது. மாத்திரை போல வயிற்றைப் படுத்தாது, விலையும் குறைவு. நைஸ் முழங்காலுக்கு முதலில் கொடுக்கச் சொல்லும் மருந்தும் இந்த வகைதான்.

கொடிமுல்லை:
ஜெல் பற்றி யாருமே எங்களிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் அதையே கேட்கிறேன். பேக்கேஜுக்குக் கட்டவில்லை. பயிற்சி சொல்லித்தர மட்டும் வேறு ஒருவரைப் பார்த்திருக்கிறோம், அவரிடமும் லேசர் இருக்கிறதாம். முதல் மாதம் அது வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.